காத்தை விளாவுற வேலை

ஐப்பசி மாசம், நாலு நாளா விடாத மழை. ராத்திரி பத்தே முக்காலுக்கு பச்சப்புள்ளைங்களோட தீவிர சிகிச்சை வார்டு, என்ஐசியூல இருந்து போன், நைட் டூட்டில இருந்த சீனியர் சிஸ்டர்தான் பேசினாங்க. "தம்பி, மூணாவது வார்மர் பிளெண்டர் எனக்குச் சரியாப் படல. காலைல பாக்கலாம்னு சொல்லாத, இப்பவே வா." (வார்மர்னா பிள்ளைய சூடா வச்சுக்கற படுக்கை, பிளெண்டர்னா அதுக்குக் காத்தும் ஆக்சிஜனும் கலந்து கொடுக்கற பெட்டி.) அது விசில் அடிக்குதான்னு கேட்டேன். "அடிக்கல, மீட்டரும் நல்லாத்தான் காட்டுது. ஆனா ட்யூப் மாத்தும்போது நாப்பை 70 வரைக்கும் திருப்பிப் பாத்தேன், மீட்டர் 49ஐத் தாண்டி ஏறவே மாட்டேங்குது" ன்னாங்க. ரெயின்கோட்டை மாட்டிக்கிட்டு பைக்கை எடுத்தேன், வழியெல்லாம் மனசுல ஓடினது ஒண்ணே ஒண்ணுதான், அந்த ஆக்சிஜன் அளக்கற மீட்டரை மூணு வாரத்துக்கு முன்னாடி காலிப்ரேஷன் பண்ணி, அதாவது சரியாக் காட்டுதான்னு பாத்து, ஸ்டிக்கர் ஒட்டி கையெழுத்துப் போட்டது நான்.

டெல்டா பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரில பயோமெடிக்கல் டெக்னீஷியனா இருக்கேன், பதினாலு வருஷம் ஆச்சு. இது நடந்தது என்னோட மூணாவது வருஷத்துல. இதை எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன், ஏன்னா ஆக்சிஜன்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு சிலிண்டர் தெரியும், மாஸ்க் தெரியும், 2021க்கு அப்புறம் விரல்ல மாட்டுற மீட்டரும் வீட்டுக்கு வீடு தெரியும், ஆனா நடுவுல உக்காந்திருக்கற அந்தக் கலக்குற பெட்டியப் பத்தி யாரும் பேசி நான் கேட்டதில்ல.

நாம சும்மா இழுக்கற காத்துல 21 சதவீதம் ஆக்சிஜன், மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். ஆஸ்பத்திரி சுவத்துல ஆக்சிஜன் பாயிண்ட்ல வர்றது கிட்டத்தட்ட 100 சதவீதம். குறைமாசத்துல பிறந்து மூச்சுக்கு சிரமப்படுற பிள்ளைக்கு வேண்டியது பெரும்பாலும் இது ரெண்டுக்கும் நடுவுல, 25, 30, 40ன்னு. அப்ப ரெண்டையும் விளாவித்தான் கொடுக்கணும். எங்க அப்பாயி பச்சப்புள்ளைக்கு தலைக்கு ஊத்தறப்போ அண்டால வெந்நீர ஊத்தி, பச்சத்தண்ணி விட்டு விளாவி, முழங்கைய உள்ள விட்டுப் பாத்துட்டு அப்புறம்தான் பிள்ளையக் கால்ல போடுவாங்க. பிளெண்டர்ங்கறது அந்த விளாவுற வேலையக் காத்துல செய்யற பெட்டி. ஆக்சிஜன் அனலைசர், நாங்க சும்மா மீட்டர்னு சொல்றது, அது அப்பாயியோட முழங்கை. இப்படித்தான் நான் புதுசா வர்ற நர்ஸுங்களுக்கு சொல்றது, ரெண்டும் வேற வேற வேலை, ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ண விட முடியாது.

பெட்டிக்குள்ள கரண்ட் எதுவும் கிடையாது, எல்லாமே காத்தோட அழுத்தத்துலயே ஓடுது. பின்னாடி ரெண்டு ஹோஸ், ஒண்ணு மெடிக்கல் ஏர், ஒண்ணு ஆக்சிஜன், ரெண்டும் கிட்டத்தட்ட 4 பார் அழுத்தத்துல வரும். ஆனா ரெண்டும் எப்பவும் சமமா வராது, பக்கத்து வார்டுல யாராவது வென்டிலேட்டர் போட்டா ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கும், அதனால முதல்ல ஒரு டயாஃப்ரம், அழுத்தத்துக்கு அசையற சவ்வு, ரெண்டு பக்க அழுத்தத்தையும் சமமாக்கும். சமமான அப்புறம் கலக்குற வால்வு, அதோட தலைதான் வெளில 21ல இருந்து 100 வரைக்கும் எண் போட்ட நாப். ஒரு பக்க வழி திறக்கத் திறக்க இன்னொரு பக்கம் மூடும். நல்ல நிலைமைல இருந்தா நாப் சொல்றதுக்கும் வெளில வர்றதுக்கும் 3 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்காது. ரெண்டு லைனுக்கும் அழுத்த வித்தியாசம் ரொம்ப ஆயிட்டா, பெரும்பாலான மாடல்ல 20 பிஎஸ்ஐ (கிட்டத்தட்ட 1.4 பார்) சுத்தி, உள்ள இருக்கற ரீடு விசில் அடிக்கும், தூங்கறவங்க எழுந்து உக்காருற சத்தம். அந்த நேரத்துல எந்த லைன்ல காத்து இருக்கோ அது அப்படியே பிள்ளைக்குப் போகும், ஏர் போச்சுன்னா 100, ஆக்சிஜன் போச்சுன்னா வெறும் 21. மூச்சு நிக்கக் கூடாதுங்கறதுக்காக அப்படி வச்சிருக்காங்க, அது நல்ல ஏற்பாடு. விசில் தொல்லை தாங்காம ஹோஸைக் கழட்டி வைக்கறதப் பாத்திருக்கேன், அதைப் பாக்கறப்போ வயித்தக் கலக்கும்.

இன்னொரு விஷயம், கம்மி ஃப்ளோல துல்லியமா கலக்கணும்னா உள்ள கொஞ்சம் காத்து ஓடிட்டே இருக்கணும், அதுக்காக ஒரு ஓரமா எப்பவும் காத்தக் கசிய விடுற மாதிரி செஞ்சிருப்பாங்க. அது கோளாறு இல்ல. ஆனா ஆள் இல்லாத பெட்ல பிளெண்டர சுவத்துல சொருகினபடியே விட்டுட்டுப் போனா ராத்திரி பூரா ஆக்சிஜன் வீணாப் போகும். 2021 மே மாசம் ஒரு ஹை ஃப்ளோ மெஷின் நிமிஷத்துக்கு 60 லிட்டர் இழுக்கும், 7000 லிட்டர் ஜம்போ சிலிண்டர் ரெண்டு மணி நேரத்துக்குக்கூட முழுசா வராது, அந்த நேரத்துல நான் வார்டு வார்டா போய் சும்மா தொங்கற பிளெண்டர் ஹோஸை எல்லாம் கழட்டிட்டு வந்தேன், மேனிஃபோல்டு ரூம்ல சிலிண்டர் மாத்துற பசங்க கண்ணு சிவந்து நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

சரி, ஏன் இவ்வளவு மெனக்கெடணும், பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது, 100 கொடுத்தா என்ன கெட்டுப் போச்சுன்னு கேக்கலாம். உலகமே அப்படித்தான் நெனச்சுது. 1942ல பாஸ்டன்ல தியோடர் டெர்ரின்னு ஒரு கண் டாக்டர், குறைமாசப் பிள்ளைங்க கண்ணுல லென்ஸுக்குப் பின்னாடி வெள்ளையா திரை மாதிரி படிஞ்சு பார்வை போறத எழுதினார். அதுக்கு முன்னாடி யாரும் அதைப் பாத்து எழுதல. என்ன காரணம்னு பத்து வருஷம் தேடினாங்க, வைட்டமினான்னு பாத்தாங்க, இன்ஃபெக்ஷனான்னு பாத்தாங்க, வெளிச்சமான்னு பாத்தாங்க. நல்ல வசதி இருக்கற, புது இன்குபேட்டர் வாங்கிப் போட்ட ஆஸ்பத்திரிலதான் அதிகமா வந்துச்சுங்கறதுதான் எல்லாரையும் குழப்பினது. 1951ல மெல்போர்ன்ல கேட் கேம்பெல்னு ஒரு குழந்தை டாக்டரம்மா, தாராளமா ஆக்சிஜன் கொடுத்த இடத்துலதான் கண் போறது அதிகம்னு சொன்னாங்க.

அதே சமயத்துல வாஷிங்டன்ல ஆர்னல் பாட்ஸ்னு ஒரு இளம் டாக்டர் ரெண்டு குரூப்பா பிரிச்சுப் பாத்தார், ஒரு குரூப்புக்கு அதிக ஆக்சிஜன், இன்னொண்ணுக்கு தேவைக்கு மட்டும். அங்க நடந்தத நான் பல தடவை படிச்சிருக்கேன். கம்மி ஆக்சிஜன் குரூப்புல இருந்த பிள்ளைங்கள டாக்டர் மூச்சு முட்ட விடுறார்னு நெனச்சு சில நர்ஸுங்க ராத்திரில போய் ஆக்சிஜனத் திறந்து விட்டுட்டாங்க. அவங்கள எனக்குக் குறை சொல்லவே முடியல. நானும் ஒரு என்ஐசியூல நின்னு, நெஞ்சு உள்ள இழுத்து இழுத்து மூச்சு விடுற ஒரு கிலோ பிள்ளையப் பாத்திருக்கேன், யாருக்குத்தான் கை அந்த நாப்பை நோக்கிப் போகாது. பாசத்துலதான் செஞ்சாங்க. அப்புறம் 1953ல அமெரிக்கால 18 ஆஸ்பத்திரி சேந்து எவரெட் கின்ஸி தலைமைல பெரிய ஆய்வு ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷமே முடிவு தெரிஞ்சுது, தேவைக்கு மேல கொடுத்த ஆக்சிஜன்தான். அதுக்குள்ள உலகம் பூரா கிட்டத்தட்ட 10,000 பிள்ளைங்க பார்வை போயிருந்துச்சு. 1950ல குறைமாசத்துல பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் அதுல ஒருத்தர்.

காரணம் என்னன்னா கண்ணுக்குப் பின்னாடி இருக்கற விழித்திரைல ரத்த நாளம் நடுவுல இருந்து ஓரத்தை நோக்கி வளந்துகிட்டே போகும், மாசம் முடியற நேரத்துலதான் ஓரத்தைத் தொடும். 28, 29 வாரத்துல வெளிய வந்த பிள்ளைக்கு அது பாதி வழிலதான் இருக்கு. வயித்துக்குள்ள கம்மி ஆக்சிஜன்லயே வளந்த நாளம், வெளிய வந்ததும் தேவைக்கு மேல ஆக்சிஜன் பட்டா வளர்றத நிறுத்திடும். கொஞ்ச வாரம் கழிச்சு அந்த விழித்திரை பசியில கத்த ஆரம்பிக்கும், அப்ப புது நாளம் தாறுமாறா முளைக்கும், கசியும், தழும்பாகும், விழித்திரையவே இழுத்துப் பிரிச்சுடும். ஆர்ஓபின்னு டாக்டருங்க சொல்றது இதைத்தான்.

இதுல ரொம்பக் கஷ்டமான பகுதி இதுக்கு அப்புறம்தான் வருது. ஆக்சிஜன்தான் கண்ணை எடுக்குதுன்னு தெரிஞ்சதும் 40 சதவீதத்துக்கு மேல போகவே கூடாதுன்னு எல்லாரும் இறுக்கிப் பிடிச்சாங்க. கண் போறது குறைஞ்சுது. ஆனா நுரையீரல் முதிராத பிள்ளைங்க செத்துப் போக ஆரம்பிச்சுது. 1973ல இங்கிலாந்துல கென்னத் கிராஸ்னு ஒருத்தர் கணக்குப் போட்டு லான்செட்ல எழுதினார், ஒரு பிள்ளையோட கண்ணைக் காப்பாத்தறதுக்கு 16 பிள்ளைங்க உசிரு போயிருக்கலாம்னு. இந்தப் பக்கம் கண்ணு, அந்தப் பக்கம் உசிரு. 2010ல வந்த சப்போர்ட்னு ஒரு ஆய்வுலயும் இதேதான் திரும்ப வந்துச்சு. ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம் ஏறியிருக்குங்கற சாச்சுரேஷன 85க்கும் 89க்கும் நடுவுல வச்சவங்கள்ல மோசமான ஆர்ஓபி 8.6 சதவீதம், 91க்கும் 95க்கும் நடுவுல வச்சவங்கள்ல 17.9. ஆனா இறப்பு கம்மி சாச்சுரேஷன்ல 19.9, அதிக சாச்சுரேஷன்ல 16.2. உசிரு முக்கியம்னு இப்ப பெரும்பாலான இடத்துல 90, 91ல இருந்து 95 வரைக்கும்னு வச்சுக்கறாங்க. அந்த அஞ்சு புள்ளி அகலமான வரப்புல பிள்ளைய நடத்திட்டுப் போகணும், ரெண்டு பக்கமும் பள்ளம். நாப்பைப் பத்தி நான் இவ்வளவு பேசறது இதனாலதான்.

சாச்சுரேஷன் பாக்கற மெஷினைப் பத்தியும் சொல்லணும். அது ஜப்பான்ல தகுவோ அவோயாகின்னு ஒரு இன்ஜினியர் 1974ல கண்டுபிடிச்சது, 2020 ஏப்ரல்ல அவர் இறந்தார், சரியா உலகமே அவர் மெஷினை விரல்ல மாட்டிக்கிட்டு இருந்த நேரம். சிவப்பு வெளிச்சம் ஒண்ணு, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒண்ணு, ரெண்டும் ரத்தத்துல எவ்வளவு உறிஞ்சப்படுதுன்னு பாத்து, துடிக்கற பகுதிய மட்டும் தனியாப் பிரிச்சு கணக்குப் போடுது. அருமையான மெஷின். ஆனா அதுக்கு ஒரு குருட்டு இடம் இருக்கு, அது மேல்பக்கம். சாச்சுரேஷன் 100க்கு மேல போக வழியில்ல, ஹீமோகுளோபின்ல இடம் நிறைஞ்சு போச்சு, அவ்வளவுதான். ஆனா ரத்தத்துல கரைஞ்சிருக்கற ஆக்சிஜன் அழுத்தம் 120 மில்லிமீட்டரா இருந்தாலும் 350 மில்லிமீட்டரா இருந்தாலும் மானிட்டர் 99, 100ன்னுதான் காட்டும். கம்மியானா கத்தும் மெஷின், அதிகமானா சிரிச்சுக்கிட்டு இருக்கும். அதனாலதான் ஆக்சிஜன்ல இருக்கற குறைமாசப் பிள்ளைக்கு அலாரத்தோட மேல் லிமிட்டை 95ல வைக்கணும், பிள்ளை வெறும் காத்துக்கு வந்த அப்புறம் அதை எடுத்துடலாம். நிறைய இடத்துல அது 100லயே இருக்கும், 100ல வச்சா அந்த அலாரம் இல்லாததுக்குச் சமம்.

நம்ம தோல் நிறத்துக்கு சம்பந்தப்பட்டது இன்னொண்ணு உண்டு. 2020 டிசம்பர்ல அமெரிக்கால ஒரு ஆய்வு வந்துச்சு, மெஷின் 92க்கும் 96க்கும் நடுவுல காட்டின பேஷண்டுகள்ல உண்மைல 88க்குக் கீழ இருந்தவங்க வெள்ளைக்காரங்கள்ல 3.6 சதவீதம், கருப்பினத்தவங்கள்ல 11.7 சதவீதம். அதாவது கருத்த தோல்ல மெஷின் கூட்டிச் சொல்ல வாய்ப்பு இருக்கு. நம்ம ஊர்ல எத்தனை பேரு அந்த நிறம்னு யோசிச்சுப் பாருங்க. சந்தேகம்னா ரத்தம் எடுத்து ஏபிஜி, அதாவது ரத்தத்துல இருக்கற வாயுக்களை நேரா அளக்கற டெஸ்ட், பாக்கறத விட்டா வேற வழி இல்ல.

இப்ப மீட்டர், அதாவது முழங்கை. இதோட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆக்சிஜனை காந்தம் இழுக்கும், காத்துல இருக்கற மத்த முக்கியமான வாயுக்களுக்கு இந்தக் குணம் கிடையாது. 1940ல அமெரிக்க கடற்படை நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ள ஆக்சிஜன் அளக்க கருவி வேணும்னு கேட்டப்போ லைனஸ் பாலிங் இந்தக் குணத்த வச்சுத்தான் செஞ்சு கொடுத்தார், ரெண்டு சின்னக் கண்ணாடிக் குமிழை ஒரு இழைல தொங்கவிட்டு, காந்தத்துக்கு நடுவுல ஆக்சிஜன் கூடக் கூட அது எவ்வளவு திரும்புதுன்னு பாக்கறது. ஆர்னால்ட் பெக்மன் அதை தயாரிச்சு வித்தார், போர் முடிஞ்சு அதே மீட்டர் இன்குபேட்டருக்கும் வந்துச்சு. கப்பல்ல ஆளுங்க மூச்சுத் திணறாம இருக்க செஞ்ச கருவி, பிள்ளைக்கு ஆக்சிஜன் கூடிடாம பாக்கவும் உதவுச்சு. இன்னைக்கும் நல்ல வென்டிலேட்டர், அனஸ்தீசியா மெஷின் பலதுல காந்த சென்சார்தான்.

ஆனா நம்ம பிளெண்டர் பக்கத்துல தொங்கற கையடக்க மீட்டர்ல இருக்கறது கால்வனிக் செல். ஒரு சின்ன பேட்டரி மாதிரி, உள்ள ஒரு பக்கம் ஈயம், இன்னொரு பக்கம் தங்கம் மாதிரி கெடாத உலோகம், நடுவுல பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, வாய்ல ஒரு மெல்லிய சவ்வு. சவ்வு வழியா எவ்வளவு ஆக்சிஜன் உள்ள போகுதோ அவ்வளவு கரண்ட் வரும், அதை எண்ணா மாத்திக் காட்டும். ஈயம் கொஞ்சம் கொஞ்சமா தீந்துகிட்டே வரும், நீங்க மீட்டரை ஆஃப் பண்ணி அலமாரில வச்சாலும் தீரும், கவரைப் பிரிச்ச அன்னைக்கே ஆயுசு ஓட ஆரம்பிச்சுடும். ஒண்ணு ரெண்டு வருஷம்தான். சாகப் போற செல் எப்படி நடந்துக்கும்ங்கறதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். கம்மி ஆக்சிஜன்ல அது சரியாவே சொல்லும். வெளிக்காத்துல வச்சு 21ன்னு செட் பண்ணா 21ன்னு ஒழுங்கா நிக்கும். ஆக்சிஜன் கூடினா அதுக்கேத்த கரண்டைக் கொடுக்க உள்ள சத்து இருக்காது, அதனால உண்மையா இருக்கறதவிடக் கம்மியாச் சொல்லும். காலிப்ரேஷன் புத்தகத்துல ரெண்டு இடத்துல பாக்கச் சொல்லியிருப்பாங்க, 21லயும் 100லயும். நான் மூணு வாரத்துக்கு முன்னாடி 21ல மட்டும் பாத்துட்டு ஸ்டிக்கர் ஒட்டினேன். அன்னைக்கு எட்டு மீட்டர் இருந்துச்சு, ஆக்சிஜன் பாயிண்ட் எல்லாத்துலயும் ஆள் இருந்துச்சு, வெளிக்காத்துல பாத்தா போதும்னு நெனச்சேன்.

அந்த ராத்திரி சிஸ்டர் முதல்ல பிள்ளைய வேற பிளெண்டருக்கு மாத்திட்டாங்க. நான் மீட்டரை சுவத்து ஆக்சிஜன்ல நேரா வச்சேன், 100ன்னு காட்ட வேண்டிய இடத்துல 57ல நின்னுச்சு. ஸ்டோர்ல இருந்து புது செல் எடுத்து ரெண்டு பக்கமும் செட் பண்ணி, பழைய பிளெண்டரோட வாய்ல வச்சுப் பாத்தேன். நாப் 40ல இருந்துச்சு. மீட்டர் 53ன்னு காட்டுச்சு.

கூடக் கொடுக்கற பிளெண்டர், குறைச்சுச் சொல்ற மீட்டர், ரெண்டும் சேந்து நாப்ல 40, மீட்டர்ல 41ன்னு ஒத்துப் போயிருக்கு. ரெண்டு சாட்சியும் ஒரே மாதிரி சொன்னா யார்தான் சந்தேகப்படுவாங்க. மூணாவது சாட்சி மானிட்டர், அதுல சாச்சுரேஷன் 98, 99ன்னு இருந்துச்சு, மேல் அலாரம் 100ல, அதனால சத்தமில்ல. "40ல இருக்கற பிள்ளைக்கு 99 எதுக்குன்னு யோசிச்சேன் தம்பி, அதான் நாப்பைத் திருப்பிப் பாத்தேன்" ன்னு சிஸ்டர் சொன்னாங்க. அவங்க படிச்ச பாடத்துல பிளெண்டர் கிடையாது, அவங்க காலத்துல ஹெட் பாக்ஸும் ஃப்ளோமீட்டரும்தான். எண்ணை நம்பாம எண் எப்படி நகருதுன்னு பாத்திருக்காங்க, அந்த ஒரு பழக்கத்த அவங்ககிட்ட இருந்துதான் நான் கத்துக்கிட்டேன்.

பிளெண்டரைப் பிரிச்சா ஏர் பக்க ஃபில்டர்ல தண்ணி, கருப்பா சகதி, டயாஃப்ரம் ஒட்டிக்கிட்டு இருக்கு. கம்ப்ரசர் ரூமுக்கு ஓடினோம், டிரையர் வேலை செய்யல, தண்ணி வெளியேத்தற ஆட்டோ டிரெயின் அடைச்சுக்கிச்சு. நாலு நாள் மழைல காத்துல இருந்த ஈரம் பூரா பைப்ல தண்ணியா வந்திருக்கு. ஏர் பக்கம் மூச்சு விட முடியாம இருக்க ஆக்சிஜன் பக்கம் கூடுதலாப் போயிருக்கு, ஆனா அழுத்த வித்தியாசம் விசில் அடிக்கற அளவுக்குப் போகல. எத்தனை நாளா அப்படி ஓடுச்சுன்னு கண்டுபிடிக்கவும் முடியல, சார்ட்ல எழுதியிருந்தது எல்லாம் அந்த செத்த மீட்டர் சொன்ன எண்தான். ஆதாரமா மழைய மட்டும்தான் வச்சுக்க முடிஞ்சுது, நாலு நாள்.

மறுநாள் காலைல டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், 21ல மட்டும் பாத்தேங்கறதையும் சேத்து. அவர் கத்தல. பிள்ளையோட அம்மா அப்பாவ உக்கார வச்சு என்ன நடந்துச்சுன்னு நேரா சொன்னார், கண் பரிசோதனைய ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாதுன்னு சொன்னார். நான் அந்த ரூமுக்குள்ள நின்னேன். அந்த அம்மா எங்கிட்ட எதுவும் கேக்கல, "பிள்ளைக்குக் கண்ணு தெரியுமா டாக்டர்" ன்னு மட்டும் அவர்கிட்ட ரெண்டு தடவை கேட்டாங்க.

அதுல இருந்து எங்க இடத்துல கொஞ்சம் மாத்தினோம். மீட்டர் வாராவாரம் 21லயும் 100லயும், எந்த செல் எந்த தேதி பிரிச்சதுன்னு மார்க்கர்ல செல் மேலயே எழுதறது, மீட்டரை சொருகற டீ பீஸை, காத்த ஈரமாக்கற ஹியூமிடிஃபையருக்கு முன்னாடி வைக்கறது (ஈரக் காத்து பட்டு செல் வாய்ல தண்ணி கோத்தா எண் கம்மியாக் காட்டும்), ஏர் லைன் வாட்டர் டிராப்பை தினமும் பாக்கறது, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிளெண்டரை சர்வீஸ் கிட் போட்டு முழுசாப் பிரிச்சு மாட்டறது. பிரிக்கறவங்களுக்கு ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன், கைல எண்ணெய், கிரீஸ் எதுவும் இருக்கக் கூடாது, தலைல வச்ச தேங்காய் எண்ணெய் கைல ஒட்டியிருந்தாக்கூட சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க, அழுத்தத்துல வர்ற ஆக்சிஜனும் எண்ணெயும் சேந்தா தானே தீப்பிடிக்கும்.

ஆனா பிளெண்டர் இருக்கற என்ஐசியூ பத்தித்தான் இவ்வளவும். பிளெண்டரே இல்லாத இடம்தான் ஜாஸ்தி. பிள்ளை பிறக்கறது லேபர் ரூம்ல, அங்க பெரும்பாலும் ஆக்சிஜன் பாயிண்ட் மட்டும் இருக்கும். நிறைமாசப் பிள்ளை அழலேன்னா வெறும் காத்துலயே மூச்சுப் பை அமுக்க ஆரம்பிக்கலாம்ங்கறத உலகத்துக்குக் காட்டினதுல டெல்லி மௌலானா ஆசாத் மெடிக்கல் காலேஜ் சித்தார்த் ராம்ஜிக்கு பெரிய பங்கு உண்டு, 1993லயே அவங்க குழு எழுதினாங்க, அப்புறம் நார்வே ஓலா சாக்ஸ்டாடோட சேந்து 1998ல பல நாட்டு ஆய்வு. குறைமாசப் பிள்ளைக்கு 21ல இருந்து 30க்குள்ள ஆரம்பிச்சு சாச்சுரேஷன் பாத்து ஏத்தணும்னு 2015ல வழிகாட்டி வந்துச்சு, அதுவும் பிறந்த முதல் நிமிஷத்துல 60, 65 இருந்தாலே இயல்பு, அஞ்சாவது நிமிஷத்துல 80, 85, பத்து நிமிஷம் ஆனா 85ல இருந்து 95. இது தெரியாம முதல் நிமிஷத்துலயே 95 வேணும்னு 100 சதவீதத்தத் திறந்து விட்டா, தேவையே இல்லாத ஆக்சிஜன் போகும். 30ல ஆரம்பின்னு புத்தகத்துல எழுதிட்டாங்க, கலக்கறதுக்குப் பெட்டி இல்லாத லேபர் ரூம்ல அந்த சிஸ்டர் எதை வச்சு 30 கொடுப்பாங்க?

பெட்டி இல்லேன்னாலும் ஏர் பாயிண்ட்டோ மெடிக்கல் ஏர் சிலிண்டரோ இருந்தா ஒரு வழி இருக்கு. ரெண்டு ஃப்ளோமீட்டர், ஒரு ஒய் கனெக்டர். மொத்தம் 8 லிட்டர்னு வச்சுக்கங்க, ஏர் 7 ஆக்சிஜன் 1னா 31 சதவீதம், ஏர் 6 ஆக்சிஜன் 2னா 41, ஏர் 5 ஆக்சிஜன் 3னா 51, பாதிப் பாதி வச்சா 60.5. கணக்கு சிம்பிள், ஏர் லிட்டரை 0.21ஆல பெருக்கி ஆக்சிஜன் லிட்டரைக் கூட்டி மொத்தத்தால வகுக்கறது. இந்த நாலு வரிய பெரிய எழுத்துல எழுதி லேபர் ரூம் சுவத்துல நான் ஒட்டியிருக்கேன், கீழ "மீட்டரை வச்சுப் பாக்கவும்" னு சேத்து.

ஆம்புலன்ஸ் அதவிட மோசம். தாலுகா ஆஸ்பத்திரில பிறந்த ஒரு கிலோ பிள்ளைய பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மணி நேரம் கொண்டு வர்றாங்க, வண்டில ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும், மூக்குல 100 சதவீதம், மானிட்டர்ல 100, எல்லாரும் நிம்மதியா வர்றாங்க. கலக்குற வசதியோட ஒரு டிரான்ஸ்போர்ட் இன்குபேட்டர் மாவட்டத்துக்கு ஒண்ணு ரெண்டாவது இருக்கணும்னு நான் பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டுத்தான் இருக்கேன், சொல்றத நிறுத்தப் போறதில்ல.

இதைப் படிக்கற யாரு வீட்லயாவது குறைமாசப் பிள்ளை இருந்தா தயவு செஞ்சு இதைக் கேளுங்க. 34 வாரத்துக்கு முன்னாடி பிறந்தாலோ 2 கிலோவுக்குக் கம்மியா இருந்தாலோ, பிறந்து 30 நாளைக்குள்ள விழித்திரை பரிசோதனை பண்ணணும். 28 வாரத்துக்கு முன்னாடியோ 1200 கிராமுக்குக் கம்மியாவோ பிறந்திருந்தா ரெண்டு மூணு வாரத்துலயே. டிஸ்சார்ஜ் ஆயிட்டாலும், பிள்ளை நல்லா பால் குடிச்சாலும், கண்ணு பாக்க அழகா இருந்தாலும் பண்ணணும், வெளில இருந்து பாத்தா எதுவும் தெரியாது. நேரத்துக்குப் பிடிச்சா லேசர்லயோ ஊசிலயோ பெரும்பாலும் காப்பாத்திடலாம், விட்டா கொஞ்ச வாரத்துல கைமீறிடும். 2015ல உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரி ஒண்ணுல இந்தப் பரிசோதனை நடக்காமப் பார்வை போன ஒரு பொண்ணுக்கு 1 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லுச்சு. அந்தப் பொண்ணுக்குப் பார்வை போய் பதினெட்டு வருஷத்துக்கு மேல ஆனப்புறம்.

அந்த மூணாவது வார்மர் பிள்ளை 29 வாரம், 1150 கிராம். முதல் கண் பரிசோதனை மூணாவது வாரம். கண்மணி விரிய சொட்டு மருந்து விட்டு, இமையத் திறந்து வைக்கற கம்பியப் போட்டு, கண் டாக்டர் தலைல லைட்டோட குனிஞ்சு பாத்தார், ஆர்ஓபி ஸ்டேஜ் ஒண்ணுன்னார். 29 வாரத்துப் பிள்ளைக்கு எல்லாம் சரியா நடந்திருந்தாலும் அது வரலாம், அந்த நாலு நாளாலதான் வந்துச்சுன்னோ வரலன்னோ யாராலயும் சொல்ல முடியாதுன்னு எங்க டாக்டர் சொன்னார், எனக்கு அதுல ஆறுதலும் இல்ல, மறுக்கவும் முடியல. ரெண்டு வாரம் கழிச்சு ஸ்டேஜ் ரெண்டு. இன்னும் கூடினா மதுரைக்குக் கொண்டு போகணும், லேசர்க்குத் தயாரா இருங்கன்னார். அந்த ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல பத்து நாள், தினமும் எதாவது ஒரு காரணத்தச் சொல்லி என்ஐசியூ பக்கம் போய் அந்தப் பிளெண்டரைப் பாத்துட்டு வருவேன். அந்த நேரம் பிள்ளை ஆக்சிஜனே இல்லாம வெறும் காத்துல தூங்கிட்டு இருந்துச்சு, அம்மா நெஞ்சுல சாச்சு வச்சிருப்பாங்க.

மூணாவது தடவை டாக்டர் ரொம்ப நேரம் பாத்தார். கம்பிய எடுத்துட்டு, அடங்குது, நாளம் ஓரத்தை நோக்கிப் போக ஆரம்பிச்சிருக்கு, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை வாங்கன்னார். அந்த அம்மா தேதிய ஃபைல் அட்டைல எழுதிக்கச் சொல்லி பேனாவை சிஸ்டர்கிட்ட நீட்டினாங்க. சிஸ்டர் அதை எங்கிட்ட கொடுத்து, "நீ எழுது தம்பி" ன்னாங்க.